அரியலூர் போய் வந்த கேம்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு எதிரே, ஜெயசித்ராவின் செல்போன் கடை மேசையில் பழைய கையடக்க வீடியோ கேம் ஒன்று கீகீ என்று கத்துகிறது. சாம்பல் திரையில் கட்டைகள் விழுகின்றன. விற்க வந்திருக்கும் மணிவேல் அதை அரியலூரில் அறுநூறுக்கு வாங்கியவன். “இந்த ஊர்ல இதெல்லாம் கிடைக்காதுங்க, ஆயிரம் குடுங்க,” என்கிறான். அவள் விரல், எழுத்து அழிந்த ஸ்டார்ட் பட்டனுக்கு அடையாளமாக யாரோ ஒட்டிய மெரூன் ஸ்டிக்கர் பொட்டைத் தடவுகிறது. மணிவேலின் பார்வை பொட்டிலிருந்து மெல்ல ஏறி அவள் நெற்றிக்குப் போகிறது. அங்கேயும் அதே மெரூன். அவள் சொல்கிறாள்: “போன வாரம் நான்தாங்க இதை ஒரு அரியலூர்க்காரருக்கு முந்நூறுக்குக் குடுத்தேன். அவரும் அவங்க ஊர்ல கிடைக்காதுன்னுதான் வாங்கிட்டுப் போனாரு.” கட்டைகள் உச்சியைத் தொட்டு, ஆட்டம் முடிந்த பாட்டு ஒலிக்கிறது. “இப்ப இருநூறுதாங்க,” என்கிறாள் ஜெயசித்ரா. “பொட்டு பழசாயிடுச்சுல்ல.”