ஹாஸ்பிடல் விதி

"பேசாம ஹாஸ்பிடல் போயிட்டா ரெண்டே வரியில முடிஞ்சிடுமேங்க" என்றாள் மனைவி.

கணக்கு வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைத்தார். வேறு எந்தத் தப்பையும் பொறுத்துக்கொள்வார், இதை மட்டும் அவரால் முடியாது.

"ஹாஸ்பிடல் பேச்சே இந்த வீட்டுல எடுக்கக்கூடாது."

எல்லைக் கணக்குகளுக்கு அது ஒரு குறுக்குவழி. லோப்பித்தால் விதி என்று பெயர். வாயில் நுழையாத அந்தப் பெயரை மாணவர்கள் என்றைக்கோ ஹாஸ்பிடல் ஆக்கிவிட்டார்கள். மேலேயும் கீழேயும் பூஜ்யமாகிப் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கும் கணக்கை அங்கே தூக்கிக்கொண்டு ஓடினால் உடனே பிழைத்துக்கொள்ளும். ஆனால் நாளைக் காலைப் பரீட்சை, அந்த விதி இன்னும் வராத ஆரம்பப் பாடத்தில். அதில் அந்த வழியாகப் போனால் விடை சரியாக வந்தாலும் மதிப்பெண் முட்டைதான்.

அவளுடைய பட்டத்துக்கு இந்த ஒரு பேப்பர்தான் பாக்கி. ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டிருந்தாள். ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர் வீட்டிலேயே இப்படியா என்று ஆசிரியர்கள் அறையில் வாத்தியாரின் தலை உருண்டது. அவளுடைய கவலை வேறு. "இந்தத் தடவை விட்டா அப்புறம் புத்தகத்தைத் தொடக்கூட எனக்கு நேரம் இருக்காது" என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்திலிருந்து அவரை எழுப்பி நிற்கவைத்ததே அவள்தான். அடுத்த வாரம் அவளுடைய அம்மா வேறு வந்துவிடுவார். வந்துவிட்டால் அப்புறம் படித்த மாதிரிதான்.

வாத்தியார் டியூஷன் எடுக்கும் முன்னறை அது. சுவர் முழுக்கக் கரும்பலகை. எதிரே சாய்வு நாற்காலியில் அவள். மடியில் நோட்டு நிற்கமாட்டேன் என்கிறது என்று சொன்னதால், நாற்காலியின் கைகளுக்குக் குறுக்கே ஒரு பலகையைப் போட்டுக் கொடுத்திருந்தார்.

"கடைசியா ஒரே ஒரு கணக்கு. எக்ஸ் பூஜ்யத்தை நெருங்குது. மேல, வர்க்கமூலத்துக்குள்ள எக்ஸ் கூட்டல் நாலு, அதுலேருந்து ரெண்டைக் கழிக்கணும். கீழ வெறும் எக்ஸ். எக்ஸுக்குப் பூஜ்யத்தைப் போட்டா என்ன ஆகும்?"

"மேல பூஜ்யம், கீழ பூஜ்யம்."

"அப்ப என்ன பண்ணணும்?"

கேட்டுவிட்டு வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படித் திரும்பிவிட்டால் முதுகுக்குப் பின்னால் இடி விழுந்தாலும் அவருக்குத் தெரியாது. மாணவர்கள் ஜன்னல் வழியாகக் குதித்துப் போய், டீ குடித்துவிட்டு வந்த கதையெல்லாம் உண்டு.

"இணையைக் கூப்பிடணும். மேல இருக்கறது தனியா தவிக்குது பார். நடுவுல கழித்தல் இருந்தா, அதோட இணைக்கு நடுவுல கூட்டல். அந்த இணையால மேலயும் கீழயும் பெருக்கணும்."

"இணை இங்கதான் நிக்குது. தவிக்கறதுதான் அதுக்குத் தெரியல."

"ஜோக் அடிக்கற நேரமா இது?"

சாக்பீஸ் கிறீச்சிட்டது. வரி மேல் வரியாக எழுதிக்கொண்டே போனார்.

"ஏங்க, இடைவெளி குறைஞ்சுகிட்டே வருது."

வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்தது. மூன்று மாதமாகத் தொண்டை வறளச் சொன்னது இப்போதுதான் மண்டையில் ஏறியிருக்கிறது.

"அதேதான். எல்லைன்னா அதுதான். எக்ஸுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவுல இருக்கற இடைவெளி குறைஞ்சுகிட்டே வரும். நெருங்கும், நெருங்கும், ஆனா தொடாது."

"தொட்டுடும் போல இருக்குங்க."

"தொடாது. நான் சொல்றேன்ல."

"ஏங்க, ஹாஸ்பிடல்..."

"மூச்சு விடக்கூடாது. இவ்வளவு தூரம் வந்துட்டு ஹாஸ்பிடலா? பல்லைக் கடிச்சுக்கோ, இன்னும் ரெண்டு வரிதான்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"மேல எக்ஸ் கூட்டல் நாலு, கழித்தல் நாலு. நாலும் நாலும் அடிபட்டுப் போச்சு, மிச்சம் வெறும் எக்ஸ். கீழயும் ஒரு எக்ஸ் இருக்கு. ரெண்டையும் வெட்டிட்டா தொல்லை தீர்ந்தது. மேல ஒண்ணுதான் மிச்சம். இனிமே தைரியமா பூஜ்யத்தைப் போடலாம். கீழ, நாலோட வர்க்கமூலம் ரெண்டு. கூட ஒரு ரெண்டு. அப்ப விடை என்ன? அவசரப்படாம, நிதானமா யோசிச்சுச் சொல்லு."

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நோட்டும் பலகையும் கீழே விழுந்தன.

"கால்... ஐயோ, காலுங்க..."

வாத்தியாரின் கையிலிருந்த சாக்பீஸ் அப்படியே நின்றது. கடைசி வரியை அவர் இன்னும் எழுதவே இல்லை. எழுதுவதற்கு முன்பே சொல்லிவிட்டாள். இவளுக்கா கணக்கு வராது என்று அவருக்கு நெஞ்சு விம்மியது. நாளைக்கு ஆசிரியர்கள் அறையில் யார் வாயைத் திறக்கிறார்கள், பார்த்துவிடலாம்.

"கால்தான். மேல ஒண்ணு, கீழ நாலு. பாத்தியா, பொறுமையா இருந்தா ஹாஸ்பிடல் போகாமலே வந்துடும்னு சொன்னேனா இல்லையா?" என்று முகமெல்லாம் பல்லாகத் திரும்பினார்.

அவள் ஒரு கையால் நாற்காலியையும், மறு கையால் நிறைமாத வயிற்றையும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நான் விடை சொல்லலீங்க. கால் நனைஞ்சிருச்சு. பனிக்குடம் உடைஞ்சாச்சு. பரீட்சையை அடுத்த தடவை எழுதிக்கறேன், உங்க பிள்ளைகிட்ட அடுத்த தடவைன்னு சொன்னா கேக்காது. இப்பவாவது நிஜ ஹாஸ்பிடலுக்குப் போலாமா?"