கியர்பெட்டிக்குப் பூக்கேட்டது

இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியைத்தான் வைத்து மடித்தான் சென்னிமலை.

முறைப்படி ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு வைக்க வேண்டும். அம்மன் காலடியில் இரண்டையும் போட்டபிறகு பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். எது வருகிறதோ அதுதான் அம்மன் சொன்ன சொல். புதுச்சத்திரத்துப் பக்கம் பெண் எடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் பூக்கேட்காமல் யாரும் துணிய மாட்டார்கள். மோட்டார் பஸ்ஸுக்குப் பூக்கேட்டது மட்டும் அன்றைக்குத்தான் முதல் தடவை.

வெள்ளை வந்தால் பழைய பஸ்ஸின் கியர்பெட்டியைப் பிரித்துப் பல் மாற்றி ஓட்டுவது. சிவப்பு வந்தால் பஸ்ஸையே தள்ளிவிட்டுப் புதியது வாங்குவது.

சென்னிமலைக்குச் சிவப்பு வந்தாக வேண்டும். அந்த நினைப்பில் பத்து நாளாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பஸ் அண்ணன் வெள்ளியங்கிரியுடையது. ஓட்டியதும் அவர்தான். சென்னிமலை பதினோரு வருஷமாக அதில் பங்கில்லாமல் கூலிக்குச் சீட்டுக் கிழித்தவன். போன மாதம் ஏற்காட்டு மலையில் எஸ்டேட் ஆட்களை இறக்கிவிட்டு வெள்ளியங்கிரி தனியாகத் திரும்பும்போது, இறக்கத்தில் கியர் கழன்றுகொண்டது. வெறும் பிரேக் எவ்வளவு தூரம்தான் தாங்கும்? கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு மேலே கடைசி வளைவில் பாறையில் போய் முட்டியது. பஸ்ஸுக்கு மூக்கு மட்டும் நசுங்கியது. மனுசன் போய்விட்டார்.

ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடி ஒரு வருஷம் ஆகியிருந்தது. குடித்துவிட்டு ஓட்டினார் என்று சொல்லவும் வழியில்லை. பல் தேய்ந்த பெட்டி, ரொம்ப நாளாகவே மக்கர் பண்ணியது, அவர் விதி முடிந்தது என்று சொல்லி ஊர் அடங்கிவிட்டது.

அன்றிலிருந்து பஸ் மலையடிவாரத்தில் நசுருல்லாவின் பட்டறைக்குள் பூட்டிக் கிடந்தது.

"பிரிச்சுப் பாக்காம நான் என்னத்தச் சொல்றதுங்கம்மா? பல்லு மட்டும் தேஞ்சிருந்தா மாத்திப்போடலாம். இன்னும் பத்து வருசம் ஓடும்" என்று அண்ணி பொன்னாத்தாளிடம் சொன்னார் நசுருல்லா.

சென்னிமலை குறுக்கே விழுந்தான்.

"அண்ணனக் கொன்ன வண்டியுங்க அண்ணி. அதயே கட்டிட்டு அழுகோணுமுங்களா? ஈரோட்டுக்காரர் ஒருத்தர் பிரிக்காம அப்படியே எடுத்துக்கறேங்கறாருங்க. தலமுழுகிப்போட்டுப் புதுசு எடுத்தரலாமுங்க."

கரியகாளியம்மனைக் கேட்டுக்கொள்ளலாம் என்றாள் பொன்னாத்தாள். பூவை மடிப்பது வீட்டு ஆண்பிள்ளையின் வேலை. அந்த வீட்டில் ஆண்பிள்ளை என்று மிச்சம் இருந்தவன் சென்னிமலைதான்.

அவனுக்கு அது வசதியாகப் போயிற்று. கொண்டுவந்த வெள்ளரளியைக் கோயில் கிணற்றில் வீசினான். செவ்வரளியை இரண்டு பங்காக்கிப் பூவரச இலையில் மடித்து நூல் சுற்றினான். தட்டைத் தன் கையாலேயே எடுத்து வந்து, தன் கையாலேயே அம்மன் காலடியில் போட்டான். இடையில் வேறு யார் கையும் படவில்லை.

உச்சி வெயில். பொட்டுக் காற்று இல்லை. ஆனாலும் அம்மனுக்கு முன்னால் இருந்த விளக்குச் சுடர் ஒரு தடவை சாய்ந்து நிமிர்ந்தது.

பூசாரி காளியப்பன் கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்தார். நூலை அறுத்து இலையைப் பிரித்தார்.

"வெள்ளையுங்கோ! ஆத்தா வெள்ளையத்தான் குடுத்திருக்கறா!"

அட பாவி, மடிக்கும்போது எங்கேயோ கை தவறிவிட்டதே என்று சென்னிமலை தன்னையே திட்டிக்கொண்டான். மற்றப் பொட்டலத்தைப் பிரிப்பது முறையில்லை. முறையாவது ஒன்றாவது! பாய்ந்து எடுத்துப் பிய்த்தான்.

அதிலும் வெள்ளை.

பூக்கள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. தண்ணீர் அவன் முழங்கை வரை வழிந்தது. சில்லென்ற கிணற்றுத் தண்ணீர். இலையும் நூலும் மட்டும் காய்ந்தே இருந்தன.

காளியப்பன் இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார்.

பூவைப் பொன்னாத்தாள் பார்க்கவே இல்லை. கொழுந்தன் முகத்தைத்தான் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். பிறகு வெளியே வேப்பமர நிழலில் முடிவுக்காகக் காத்திருந்த நசுருல்லாவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"பாய், இன்னைக்கே பெட்டியப் பிரிச்சுப் பாத்துப்போடுங்க. தம்பியும் கூட வருவாரு. பிரிக்கறப்பக் கிட்டவே நிக்கட்டும்."

நசுருல்லா தலையை ஆட்டிவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தார்.

மூடியைக் கழற்றியதும் நசுருல்லாவின் கண்ணில் முதலில் படப்போவது தேய்ந்த பல் அல்ல என்பது சென்னிமலைக்குத் தெரியும். போட்ட கியர் கழன்றுவிடாமல் அழுத்திப் பிடிக்க, சுண்டுவிரலில் பாதி நீளத்துக்கு ஒரு சுருள்வில் உள்ளே உண்டு. அது இருக்க வேண்டிய குழி காலியாக இருக்கும். தேய்ந்து காணாமல் போகிற சாமான் இல்லை அது. ஒருவர் உட்கார்ந்து, ஸ்பானர் பிடித்துக் கழற்றினால்தான் வெளியே வரும்.

அண்ணன் மலையேறுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அதைக் கழற்றியவன் சென்னிமலை.