வெள்ளை எங்கே?

நிஷாவின் பிஞ்சு விரல்களில் இருந்த கல்கண்டு, அவள் அம்மா ஷீபாவின் வாய்க்குள் போய் மறைந்தது. இரண்டரை வயதுக் குழந்தை வெறும் விரலை நக்கிக்கொண்டது. வாசலில் பைக்கை நிறுத்திய ஆல்வின் அதைப் பார்த்துவிட்டான்.

தரையில் வரிசையாகக் கிண்ணங்கள். பச்சைப்பயறு, கேரட் துண்டு, கறுப்பு உளுந்து, வெள்ளைக் கல்கண்டு. அடுப்படியில் கிடப்பதை வைத்தே பிள்ளைக்கு நிறம் பழக்கிக்கொண்டிருந்தாள் ஷீபா. படிப்பும் வீண்போகவில்லை. நிஷா விரலை நீட்டி “கறுப்பு” என்று சொன்ன பிறகுதான் எதிர்வீட்டு ஆட்டுக்கே தன் நிறம் தெரிந்தது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

“இன்னாடி இது?” என்றான் ஆல்வின்.

“புள்ளைக்குப் பாடங்க.”

“பாடமா? அது கைல கீறத நீ வாங்கித் தின்றது எந்த ஊரு பாடம்?”

மார்கழிக் குளிரில் ஷீபாவின் மேலுதடு வேர்த்திருந்தது. கையும் களவுமாக மாட்டினால் எந்தக் குளிரிலும் வேர்க்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டான்.

“கொஞ்சம் நான் சொல்றத கேளுங்க…”

“இன்னாத்த கேக்கறது? எங்க நைனா கால வாங்குனதே இந்த சக்கர நோய்தான். இப்ப உனக்கும் அதே. ஒரு பக்கம் ஊசி போட்டுக்கினு, இன்னொரு பக்கம் கல்கண்டா? சாவணும்னு வேண்டிக்கினு கீறியா?”

கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிற வழக்கம் அவனுக்கு இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவளை வாசலில் இறக்கிவிட்டு, எதிர் டீக்கடையில் நின்றுகொள்வான். அப்பாவின் காலை எடுத்த நாளிலிருந்து அந்த மருந்து வாடை அவனுக்கு ஆகாது.

ஒரு பையை எடுத்தான். சர்க்கரை டப்பா, வெல்லம், கல்கண்டு, கிறிஸ்துமஸுக்கு வாங்கி மீந்த கேக், குழந்தையின் தேன்மிட்டாய், எல்லாம் உள்ளே போயின. அந்த வீட்டு எறும்புகள் அன்றைக்கே குடும்பத்தோடு பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டன.

“இனிமே நானும் வெறும் டீதான்” என்றான். சொன்னபடி குடிக்கவும் செய்தான். வேப்பெண்ணெய் குடித்தவன் மாதிரி முகம் போனாலும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. அவள்மேல் அவ்வளவு உயிர்.

மறுநாள் காலையில் ஷீபா ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். “இட்லிலயும் சக்கர கீதாமே, போன் வீடியோல ஒருத்தன் சொன்னான்” என்று அவள் தட்டிலிருந்து பாதியைக் குறைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பினான் ஆல்வின்.

அவன் அறுப்பு மிஷின் ஓட்டுகிறவன். அன்றைக்கு மானாம்பதியில் அறுப்பு. பையில் இருந்ததை வயலில் நின்றவர்களுக்கெல்லாம் பங்கு போட்டுக் கொடுத்தான். பெண்டாட்டியைக் காப்பாற்றிய திருப்தியில் மிஷின்கூட மெதுவாகப் பாடிக்கொண்டே ஓடியது.

உச்சிப் பொழுதில் போன் வந்தது. பக்கத்து வீட்டு செவ்வந்தி.

“ஆல்வினு, ஓடியா! ஷீபா செவுத்துல சாஞ்சிக்கினு கீது. கூப்ட்டா முழிக்குது, பேச்சு வரல. அங்கன்வாடில தடுப்பூசி போட நர்சம்மா வந்துகீறாங்க, ஆள் உட்டுக்கீறேன்.”

நடு வயலில் மிஷினை அப்படியே விட்டுவிட்டுப் பைக்கை எடுத்தான். வழியில் இருந்த வேகத்தடைகள் எல்லாம் அன்றைக்கு அவனுக்கு ஒதுங்கி வழிவிட்டன.

வீட்டில் கிண்ணங்கள் உருண்டு கிடந்தன. பச்சைப்பயறும் உளுந்தும் தரையெல்லாம் இறைந்திருந்தன. ஷீபா தொப்பலாக நனைந்திருந்தாள். கண் திறந்திருந்தது, பார்வை எங்கோ இருந்தது.

நிஷா அடுப்படிக்கும் அம்மாவுக்குமாக ஓடிக்கொண்டிருந்தது. “வெள்ள இல்ல… வெள்ள இல்ல…” அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது. கடைசியில் ஒரு பூண்டுப் பல்லைக் கொண்டுவந்து அம்மாவின் உதட்டில் வைத்து அழுத்தியது.

“ஏய், அம்மாவ இம்சை பண்ணாத!” என்று அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் குழந்தையைத் தூக்கினான் ஆல்வின். அது திமிறியது.

ஷீபா ஊசி மருந்து வாங்கும் ஆஸ்பத்திரியின் நர்ஸ் திலகா மூச்சிரைக்க உள்ளே வந்தார். ஷீபாவின் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கைமிஷினில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“சக்கர எங்க? சீக்கிரம் எடு!”

ஆல்வினுக்கு அழுகை முட்டியது. அதிலும் கொஞ்சம் பெருமை இருந்தது. “வூட்ல ஒரு துளி வெக்கல மேடம். நேத்தே மொத்தமா தூக்கிட்டேன்.”

திலகா அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்துக் கத்தினார். “செவ்வந்தி! உங்க வூட்டு சக்கர டப்பாவ எடுத்துக்கினு ஓடியா!”

“மேடம், அவளுக்கு சக்கர நோயி!”

“தெரியும்யா. ஊசியப் போட்டுக்கினு வயித்த காயப் போட்டா எறங்கிடும். அது ஏறினா கால எடுக்கும். எறங்கினா ஆளையே எடுத்துடும்.”

சர்க்கரைத் தண்ணீர் வாய்வாயாக உள்ளே போனது. முதலில் பாதி கடைவாயில் வழிந்தது. பிறகு தொண்டை அசைந்தது. வெகு நேரம் கழித்து ஷீபாவின் பார்வை திரும்பி வந்து, கூரையைத் தொட்டு, புருஷனைத் தாண்டி, நிஷாவின் மேல் நின்றது.

ஆல்வின் குழந்தையை இறக்கிவிட்டான்.

“அப்போ நேத்து… புள்ள கைல கீறத இவ புடுங்கித் தின்னது?”

திலகா டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார்.

“புடுங்கல, அது ஊட்டிச்சி. நீ வேலைக்குப் போனப்புறம் இவளப் பாத்துக்க நாங்க பழக்கி வெச்ச ஆளு அதுதான்யா!”