மாதம் எத்தனை கிலோமீட்டர்?

சனிக்கிழமை மாலை, ஷோரூம் மூட அரை மணி நேரமே இருந்தது. பெட்ரோலா, டீசலா என்று கணவனும் மனைவியும் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். விற்பனையாளருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

"ஓட்டம் அதிகம்னா டீசல் எடுங்க சார். கம்மின்னா பெட்ரோல்."

"டீசலே எடுடா," என்றாள், சோபாவில் உட்கார்ந்திருந்த அம்மா.

"உங்களுக்கு ஸ்டீயரிங் எந்தப் பக்கம்னே தெரியாது அத்தை. சும்மா இருங்க," என்றாள் மருமகள். மகன் வாய்விட்டுச் சிரித்தான்.

கார் வாங்க வரும் குடும்பத்தில் இப்படி மூக்கை நுழைக்க ஒரு கிழவி இருப்பது வழக்கம்தான். விற்பனையாளரும் சிரித்துவைத்தார்.

"மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓடும் சார்?"

"ஆபீஸ், பிள்ளைங்க ஸ்கூல். ஐந்நூறைத் தாண்டாது."

"வெளியூர்ப் பயணம்?"

"வருஷத்துக்கு ஒரு தடவை போனாலே பெருசு."

"அப்போ கண்ணை மூடிக்கிட்டு பெட்ரோல் எடுங்க."

அம்மா எழுந்து மேசைக்கு வந்தாள்.

"அடுத்த வாரம் என்னைக் கொண்டுபோய் விடப்போற முதியோர் இல்லம் இங்கேருந்து முந்நூறு கிலோமீட்டர். வாரா வாரம் வந்து பார்க்கிறேன்னு தலையில அடிச்சு சத்தியம் பண்ணினியே, அது எந்த வண்டியிலடா?"