பேனரில் இருபத்தேழு பேர்

செத்த மூன்றாம் நாள் காலை, பெங்களூர் ஜோகுபாளையம் முச்சந்தியில் தன் கண்ணீர் அஞ்சலி பேனரின் மேல் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் நோயல். கீழே வரிசைக்கு ஒன்பதாக மூன்று வரிசைப் படங்கள். இரண்டு தடவை எண்ணிவிட்டான்.

"இருபத்தேழு ஃப்ரெண்ட்ஸ், அங்கிள்! காலேஜ்ல டாப் கேங் மொத்தமும் இருக்கு. டெரிக்தான் வெச்சிருப்பான்."

பக்கத்தில் இருந்த கிருஷ்ணப்பா பேயாகி ஒரு வருஷம் ஆயிற்று. எந்தப் பையனையும் கன்னடத்தில் 'மகா', மகனே, என்றுதான் கூப்பிடுவார். "நடுவுல கோட்டு, கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு வெள்ளையா ஒருத்தன் இருக்கானே, யாரு மகா அது?"

"நான்தான்."

"போகட்டும். என் பேனர்ல என்னைவிட ஏரியா லீடர் படம் பெருசு. அவர்தான் செத்துட்டார்னு ரெண்டு பேர் மாலையோட அவர் வீட்டுக்கே போயிட்டாங்க."

நோயலுக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தேழு முகத்தில் கிரண் முகம் இல்லை.

யூகேஜியிலிருந்து இருவரும் ஒரே பெஞ்ச். கிரணோடு சுற்றுகிறவனுக்கு கேங்கில் இடமில்லை என்று டெரிக் சொன்னதால், மூன்று மாதமாக நோயல் அவனோடு பேசவில்லை. கேங்கில் சேர டெரிக் வைத்த பந்தயத்தில்தான் மூச்சு விடாமல் பானிபூரி தின்றான். பதினொன்றாவது தொண்டையில் நின்றுவிட்டது.

"அதுக்காக என் பேனர்ல வரமாட்டானா? அவ்வளவு திமிரா?"

"புதுப் பேய் ஒருத்தனைத்தான் பிடிக்கலாம், மகா. யோசிச்சுப் பிடி."

"யோசிச்சாச்சு."

கீழே கிரண், அவிழ்ந்த பேனர் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். நோயல் குதித்து அவன் கழுத்தில் இரண்டு கையையும் வைத்தான். கழுத்து சில்லிட, கிரண் ஸ்வெட்டர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

மாதா கோயிலில் பூசை முடிந்து நோயலின் அம்மா குளோரியா வந்தாள். "பாத்தியா கிரண், என் புள்ளைக்கு எத்தனை ஃப்ரெண்ட்ஸ்! யாருமே இல்லாதவன்னுல்ல நெனச்சிருந்தேன்." படங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தவள் நின்றாள். "உன் படம் எங்கப்பா?"

"இடம் பத்தல, ஆன்ட்டி."

"இத்தனை பேருக்கு இருந்துச்சு, உனக்கு மட்டும் இல்லையா?" முகம் வாடி, வீட்டைப் பார்த்து நடந்தாள்.

நோயல் பிடியை இறுக்கினான்.

பைக்கில் வந்து நின்றான் டெரிக். "டேய், என் போட்டோவை ஏன்டா ரெண்டாவது வரிசைல போட்டே?"

"சாரி டெரிக். அடுத்த தடவை முதல் வரிசை."

"ஞாபகம் வெச்சுக்கோ. ஆனா பேச்சுப்படி உன் மூஞ்சியைப் போடல பாரு, அது ஓகே. நீயும் இருந்திருந்தா எங்கள்ல ஒருத்தனும் போட்டோ குடுத்திருக்க மாட்டான்."

கழுத்திலிருந்த கைகள் தளர்ந்தன.

டெரிக் பைக்கைக் கிளப்பினான். "எனக்கு ஒண்ணுதான் புரியல. இருபத்தேழு பேர் வீட்டுக்கும் வந்து கெஞ்சினியே, பேசாம உன் படத்தை மட்டும் போட்டு முடிச்சிருக்கலாம்ல?"

"முடிச்சிருக்கலாம்," என்றான் கிரண். "ஆனா, அவனுக்கு ஒரே ஒரு ஃப்ரெண்டுதான்னு அவங்கம்மாவுக்குத் தெரிஞ்சுபோயிருக்கும்."