எதிரணியின் நாலு குறைகள்

"கதவைச் சாத்துங்க. இது வெளியில போச்சுன்னா நாளையிலேர்ந்து எனக்கு வீட்டுல சாப்பாடு கிடையாது."

பேராசிரியர் சொன்னதும் ஆய்வுக்கூடத்தில் இருந்த நாலு மாணவர்களும் அவரைச் சுற்றிக் கூடினார்கள். அவர் கையில் போன். போனில் ஒரு தாளின் படம்.

"எதிரணியோட குறைகள். அவங்க பசங்களே எழுதி அவங்க மேடத்துக்குக் கொடுத்திருக்காங்க. மேடம் குளிக்கப் போன நேரம் பார்த்து ஃபைலைத் திறந்தேன்."

எதிரணியின் மேடம் வேறு யாருமில்லை, சாட்சாத் அவர் மனைவி. எதிர்த் தெருக் கல்லூரியில் பாடம் நடத்துகிறார். உயிரணுவின் மரபணுவை மாற்றி அதனிடம் புது வேலை வாங்கும் செயற்கை உயிரியல் போட்டிக்கு ஊருக்கு ஒரே ஓர் அணிதான் போக முடியும். மூன்று வருடமாக அம்மணியின் அணிதான் விமானம் ஏறுகிறது. இவர் வழியனுப்பப் போய்ப் பெட்டி தூக்கிவிட்டு வருகிறார். நாலாவது தடவையும் தூக்க இவருக்குத் தோளில் தெம்பில்லை. மாணவர்களுக்கோ இது கடைசி வருடம், விட்டால் விட்டதுதான். எந்த அணி போவது என்று முடிவாகும் தேர்வுச் சுற்றுக்கு ஆறு வாரம் இருந்தது.

இவர்களுடைய சரக்கு, ஈயம் கலந்த குழாய்த் தண்ணீர் பட்டால் பச்சையாக மின்னும் பாக்டீரியா. யோசனை பேராசிரியருடையது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு; அந்தக் குஞ்சைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் கொத்த வருவார்.

"குறை ஒண்ணு. 'ஒரே ஒரு தடவை செஞ்சு பார்த்ததை வெச்சு வரைபடம் போட்டுட்டோம்.'" தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "ஒரு நாள் வியாபாரத்தைப் பார்த்துட்டு வருஷத்து லாபம் சொல்ற கதை."

கேப்டன் என்று எல்லோரும் கூப்பிடும் மாணவி மெல்லக் கையைத் தூக்கினாள். "சார், நாமளும் ஒரு தடவைதான்..."

"அது வேற. நம்மது முதல் தடவையே சரியா வந்துச்சு."

"தேர்வுல ஒரு அணியை இன்னொரு அணி கேள்வி கேக்கலாம் சார். நாம இதைக் கேட்டு மடக்கும்போது, 'நீங்க எத்தனை தடவை செஞ்சீங்க'ன்னு திருப்பிக் கேட்டா?"

சிரிப்பு பாதியில் நின்றது. "கேப்பா. அவளை எனக்குத் தெரியாதா. மூணு தடவை செஞ்சிடுங்க. வேணாம், ஆறு தடவை."

"சரி சார்."

"குறை ரெண்டு. 'மரபணு மாத்தாத சாதா பாக்டீரியாவைப் பக்கத்துல வெச்சு ஒப்பிடலை.' ஒத்தைத் தட்டை மாட்டிக்கிட்டு எடை போட்டிருக்காங்க பாரு."

"அந்த இன்னொரு தட்டு நம்மகிட்டயும்..." என்று ஆரம்பித்தான் பீக்கர். அந்த வருடம் மட்டும் பதினொரு பீக்கர் உடைத்ததால் வந்த பெயர்.

"மாட்டு. பேசிக்கிட்டு நிக்காதே."

மூன்றாவது குறை, பயன்படுத்தப் போகிறவர்களில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை என்பது. இதற்கு யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மறுநாளே பேராசிரியர் குழாய் ரிப்பேர்காரர் ஒருவரைக் கையோடு கூட்டி வந்துவிட்டார். அந்த மனிதர் சோதனைக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன சார், பாசி பிடிச்சிருக்கு?"

"பாசி இல்லைங்க. தண்ணியில ஈயம் இருக்குங்கறதுக்கு அடையாளம்."

"உங்களுக்கு அடையாளம். வீட்டுல இருக்கறவங்க பாசின்னு இதைக் கழுவி ஊத்திட்டு, அந்தத் தண்ணியையே குடிப்பாங்க. சிவப்பா வர்ற மாதிரி பண்ணுங்க. சிவப்பைப் பார்த்தா ஒருத்தனும் வாயில வைக்கமாட்டான்."

பொன்குஞ்சைப் பாசி என்றதில் பேராசிரியரின் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் நாலு வாரத்தில் பாக்டீரியா சிவந்தது.

நாலாவது குறையைக் கடைசி ஒத்திகை வரை பொத்தி வைத்திருந்தார். அதை நினைத்து நினைத்துத் தனியாகச் சிரிப்பார்.

"கேளுங்க. 'நடுவர் எங்களைக் கேட்டா, எங்களை முந்திக்கிட்டு வழிகாட்டி பதில் சொல்லிடறாங்க.' நூத்துக்கு நூறு அவதான். வீட்டுல நான் ஒரு வாக்கியத்தை முழுசா முடிச்சு வருஷக் கணக்காச்சு."

"போன வருஷம் நடுவர் என்னைக் கேட்டப்போ, சார்..." என்று கேப்டன் இழுத்தாள்.

"உன்னைக் கேட்டப்போ என்ன? நீ சொல்ல வந்ததைத்தானே நான்..."

அவரே நிறுத்திக்கொண்டார். நாலு பேரும் ரொம்ப மரியாதையாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி. அவகிட்ட இருக்கிற குறை நம்மகிட்ட இருந்தா நமக்குத்தான் கேவலம். போட்டியன்னிக்கு நான் வாயைத் திறந்தா ஏன்னு கேளுங்க."

ஒத்திகை முழுக்கப் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பீக்கர் ஒரு கேள்விக்குத் தப்பும் தவறுமாக உளறியபோது மூடி நசுங்கியதே தவிர, சத்தம் வரவில்லை. இரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் கேப்டன் ஒரு பதிலை ஆரம்பித்துத் தானே முடித்தாள். பீக்கர் கை தட்டினான்.

"பாவம் என் வீட்டுக்காரி," என்று பேராசிரியர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். "நாம எவ்வளவு தூரம் வந்துட்டோம்னு அவளுக்குத் தெரியவே தெரியாது."

அவர் படியிறங்கும் வரை பொறுத்திருந்த கேப்டன், எதிரணியின் கேப்டனுக்குப் போன் போட்டாள்.

"நாங்க எழுதிக் கொடுத்த எங்க குறையை உங்க குறைன்னு சொல்லி நீ உங்க மேடம் ஃபைல்ல வெச்சே பாரு, எங்க சார் நாலையும் முன்னாடி நின்னு சரி பண்ண வெச்சுட்டார்டி. பதிலுக்கு நீ கொடுத்த உங்க குறையை எங்க குறைன்னு நான் சார் பையில வெச்சேனே, அது என்னாச்சு?"

"அடுத்த நாளே மேடம் எங்களுக்குப் படிச்சுக் காட்டி, உங்க அணியை நினைச்சு விழுந்து விழுந்து சிரிச்சாங்க," என்றது மறுமுனை. "இப்ப எங்க குறை ஏழும் சரி."