கம்மல் போட்ட மீன்

“அஞ்சு வருஷம் ஏரியை மூடிட்டா நாங்க எதைத் தின்னுறது தம்பி, உன் காகிதத்தையா?”

கரையில் நின்ற மீன் ஆராய்ச்சியாளரிடம் கேட்டுக்கொண்டே, கரையோரப் படகிலிருந்து படகுக்காரி வலையை இழுத்தாள். துடுப்பைச் சாத்திவைத்த கொழுந்தன், “காகிதம் செரிக்காது அண்ணி” என்றான்.

ஆராய்ச்சியாளருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வருஷமாகக் கரைக் கொட்டகையில், படகுகள் கொண்டுவந்து இறக்கும் மீனைக் கூடை கூடையாகக் குடைந்து பார்த்ததில், சோப்பு போட்டாலும் கையில் செதில் நாற்றம் போவதில்லை. ஏரியை மூடச் சொல்லிக் கையில் வைத்திருக்கும் அறிக்கையை மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பினால் இந்தக் கரையின் அறுபது படகும் கவிழ்ந்துதான் கிடக்கும்.

“எனக்கு மட்டும் ஆசையா அக்கா? போன வருஷம் நானூறு மீனைப் பிடிச்சு, அடையாளத்துக்கு முதுகுல மஞ்சள் வில்லை குத்தி ஏரியில விட்டேன். ஒண்ணுகூடக் கூடைக்கு வரல. இந்தத் தண்ணியில மீன் பிழைக்கலன்னுதானே அர்த்தம்?”

“கூடைக்கு எப்படி வரும்? வலை போடற எங்களை ஒரு வார்த்தை கேட்டியா?”

“மனுஷங்க ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. கூடை பொய் சொல்லாது.”

“அப்ப கூடையோடயே குடித்தனம் நடத்து!”

வெடுக்கென்று சொல்லிவிட்டு, வலையிலிருந்து கொழுத்த மீன் ஒன்றைப் பிரித்துத் தண்ணீரில் விட்டாள்.

அவர் பதறினார். “நல்ல மீனாச்சே, ஏன் விடுறீங்க?”

“அது நமக்கில்ல. ஒரு தடவை பிடிச்சவனே மனசு இரங்கி விட்ட உசுரை இன்னொருத்தன் கொல்லக் கூடாது. எங்க கரைக் கட்டுப்பாடு. மீறினா வலையைப் பிடுங்கிடுவோம்.”

“பிடிச்சு விட்டதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“முன்னெல்லாம் உதட்டுல தூண்டில் தழும்பு இருக்கான்னு தடவிப் பார்க்கணும். இப்ப அந்தக் கஷ்டமே இல்ல.”

வலைக்குள் துள்ளிய இன்னொரு மீனை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். முதுகில் மஞ்சள் வில்லை மின்னியது.

“நீதான் கம்மல் போட்டு விட்டிருக்கியே! என் வலையில மட்டும் தினம் ரெண்டு மூணு சிக்குது. நீ விட்ட உசுராச்சேன்னு இந்தக் கரையே திருப்பி விட்டுட்டிருக்கு!”

ஆராய்ச்சியாளர் அறிக்கையை நாலாக மடித்துப் பைக்குள் செருகினார். செருப்பைக் கழற்றிவிட்டுப் படகில் ஏறினார்.